போட்டு வாறன் எண்டு சொன்ன வீடு

பகல் ஒரு மணி.

ஓம், பகல்தான். சிரிக்காதேங்கோ. இரவிலதான் எல்லாம் நடக்கோணும் எண்டு ஆர் சொன்னது?

போர்த்துக்கல். ஸ்பெயின் எல்லைப் பக்கம், முழுக்க மலை. ஒடுங்கின ரோட் ஒண்டு. ரெண்டு பக்கமும் கல்லு மதில், அங்கால ஒலிவ் மரம்... ஒரு கார் இல்லை. ஒரு நாய்கூடக் குலைக்கேல்லை. ஜூலை வெயில். தார் உருகி சைக்கிள் சில்லில ஒட்டி ஒட்டி விடுபடுது... சர்ர்... சர்ர்... எண்டு. அந்த ரோட்டில தனிய ஏறி வாறது லக்சாயினிட அண்ணா. நிருசன் அண்ணா.

மெதுவா கதையுங்கோ. அவள் அந்தா நித்திரை. இதில முக்கால்வாசி அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடைசிக் கால்வாசி இண்டைக்குப் பின்னேரம் இந்த வீட்டில நடந்தது. அது அவளுக்குத் தெரியாது.

ஜெனனி, அந்தக் கதிரையில இருக்காதை. பகிடி இல்லை, எழும்பு. இதில, மெத்தையில வா. ஏனெண்டு பிறகு சொல்லுறன்.

நிருசன் அண்ணா எப்பிடியான ஆள் எண்டு தெரியும்தானே. இஞ்ச சுவிஸில, ஷ்லீரன்ல இலெக்ட்ரீசியன் வேலை. சைக்கிள் விசர். லீவு விட்டா காணும், சைக்கிளைக் கழட்டிப் பெட்டியில போட்டு பிளேன்ல ஏத்தீடுவார். இந்த முறை கூட்டாளி அபிசன் அண்ணாவும் அவரும் போனவை. ஊர் ஊராப் போறது. அங்க ஒவ்வொரு மலை உச்சியிலயும் ஒரு பழைய கோட்டை, கோட்டையைச் சுத்திக் கல்லு வீடு. ஏறுறது, இறங்கிறது, சாப்பிடுறது, படுக்கிறது. அவ்வளவுதான் பிளான்.

அண்டைக்கு அபிசன் அண்ணா முன்னுக்குப் போயிட்டார். மேல கோட்டையடியில நிக்கிறன் எண்டு மெசேஜ். நிருசன் அண்ணாட போத்தில்ல ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. அரைவாசி மலையில ஒரு சின்ன ஊர். எல்லா யன்னலும் சாத்தி... எல்லாக் கதவும் சாத்தி... ஒரே ஒரு வீடு மட்டும் ஆவெண்டு திறந்து கிடந்ததாம்.

சைக்கிளை மதிலில சாத்திப்போட்டு எட்டிப் பாத்திருக்கிறார்.

உள்ள இருட்டு. சில்லெண்ட குளிர். மெழுகுதிரி மணம்... அதோட தோடம்பழத் தோல் மணம். சுவரைச் சுத்திவரக் கதிரை. எல்லாத்திலயும் ஆக்கள். கறுப்பு உடுப்பு. ஒருத்தரும் கதைக்கேல்லை. எங்கயோ ஒரு இலையான் மட்டும் ஙொய்ய்ய் எண்டு சுத்துது.

ஒரு கதிரை வெறுமையாக் கிடந்தது.

வயசான ஆள் ஒருத்தர் எழும்பி வந்து ஒரு கிளாஸ் தண்ணி குடுத்தார். அந்தக் கதிரையைக் கையால காட்டினார். இவரும் இருந்தார். சொந்தக்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூடியிருக்கினமாக்கும் எண்டு நினைச்சாராம். குடிச்சார். மூச்சு வாங்கினார். எழும்பினார். எழும்பி... நாங்கள் எல்லாரும் செய்யிறதைத்தான் அவரும் செய்தவர். கையைத் தூக்கி, தமிழிலதான், "சரி, போட்டு வாறன்" எண்டார்.

பழக்கம்தானே. 'போறன்' எண்டு எங்களை எப்பவாவது சொல்ல விட்டிருக்கினமோ? நான் கின்டர்கார்டன் போகேக்க வாய் தவறி ஒருக்காச் சொல்லிப்போட்டன். அம்மா படியில இருந்து திருப்பிக் கூப்பிட்டு, 'போட்டு வாறன்' எண்டு சொல்ல வைச்சுத்தான் விட்டவா. பஸ்ஸும் போயிட்டுது.

அவர் சொன்னதுதான் தாமதம்... அந்த அறையில இருந்த அவ்வளவு தலையும் ஒண்டா நிமிந்துது.

வயசான ஆள் தலையாட்டினார். இவர் எழும்பின கதிரையில கையை வைச்சார். பஸ்ஸில ஆருக்கோ இடம் பிடிச்சு வைக்கிற மாதிரி.

திரும்பேக்கதான் உள் அறை தெரிஞ்சது. ரெண்டு சப்பாத்து. மேல பாத்தபடி. புதுச் சப்பாத்து... அடியில ஒரு பொட்டு மண் இல்லை.

செத்த வீடு.

யாதவி, எங்க சிரிப்பைக் காணேல்லை?

செத்த வீட்டில அது சொல்லக்கூடாது. உங்களுக்கும் வீட்டில சொல்லியிருப்பினம். போனா இருக்கிறது, நேரம் வர பேசாமல் எழும்பி வாறது. சொல்லிக்கொண்டு வாறேல்லை. ஏன் எண்டு நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

நிருசன் அண்ணா மேல ஏறிப் போய் அபிசன் அண்ணாட்டச் சொல்லிச் சிரிச்சவர். இரவு தாய்க்குப் போன் எடுத்தும் சொன்னவர். ஜெயந்தி அன்ரி சிரிக்கேல்லை.

"போட்டிருக்கிற உடுப்போட போய்த் தலை முழுகு."

"அம்மா, இது போர்த்துக்கல்."

"செத்த வீடு எந்த நாட்டிலயும் செத்த வீடுதான். முழுகடா."

முழுகேல்லை. களைப்பு. படுத்திட்டார்.

திரும்பி வந்தார். அதுக்குப் பிறகு... அவர் இருக்கிறேல்லை.

இல்லையடி, உயிரோடதான். இருக்கிறேல்லை எண்டா... கதிரையில இருக்கிறேல்லை. சோபாவில இல்லை, கட்டில் நுனியில இல்லை, ஒண்டிலயும் இல்லை. ரெயின் முழுக்க வெறுமையா வந்தாலும் கதவடியில நிண்டுதான் போறது. வேலையில சாப்பாட்டு நேரம் சுவரோட நிக்கிறார். இரவில விறாந்தையால அங்கால போறார், இஞ்சால வாறார்... அங்கால, இஞ்சால... கீழ் வீட்டு மனுசி பத்து மணிக்குப் பிறகு சத்தம் எண்டு முறைப்பாடு குடுத்திட்டா. டொக்டர் முழங்கால் பாத்தார், நாரி பாத்தார். ஒண்டும் இல்லையாம்.

"நிண்டு வேலை செய்யிற மேசை ஒண்டு வாங்கிக் குடுக்கலாம்தானே" எண்டு யாதவி இப்ப சொல்லப்போறாள். சொல்லாதை.

அன்ரி ஒவ்வொரு நாளும் கதிரையை இழுத்து வைப்பா. "ஒருக்கா இரு ராசா. இருந்து ஒரு வாய் சாப்பிடு." அவர் குனிவார். இருக்கப் போற மாதிரிக் குனிஞ்சு... நிமிந்திடுவார். ஒரு நாள் அன்ரி அழுது கேட்டிருக்கிறா, ஏனடா எண்டு.

"அதில ஆள் இருக்கம்மா" எண்டாராம்.

அதுதான் அன்ரி ஒக்டோபரில லீவு எடுத்து, அபிசன் அண்ணாவைக் கூட்டிக்கொண்டு போனவா. அந்த வீட்டுக்குப் போய், என்ர பிள்ளை வரமாட்டான் எண்டு சொல்லிப்போட்டு வரலாம் எண்டு. பிள்ளை ஒருக்கா இருந்து சாப்பிட்டாக் காணும். வேற ஒண்டும் கேக்கேல்லை அவா.

வீடு இருந்தது. சும்மா சாதாரண வீடு. உடுப்புக் காயப் போட்டிருந்ததாம். வந்து கதவு திறந்த ஆள், செத்தவற்ற மகன். லுசேர்ண்ல ஹோட்டல் குசினியில கன வருசம் சமையல் வேலை செய்திட்டு ஊரோட போன ஆள். எங்களை மாதிரி டொச் பாசை கதைச்சார். அன்ரிக்குத் தெரிஞ்ச டொச்சும் குசினி டொச்தானே, விளங்கீட்டுது. நிருசன் அண்ணாட படத்தைக் காட்டினோடன அந்த ஆள் அன்ரிட ரெண்டு கையையும் பிடிச்சிட்டார். நன்றி சொல்லுறாராம்.

"உங்கட மகன் நல்ல பிள்ளை. விடிய விடிய எங்களோட இருந்தவர். பெட்டியும் தூக்கினவர்."

போன்ல படமும் காட்டினார். சவக்காலைக்குப் போற ரோட். பெட்டி தூக்கிற நாலு பேர். மூண்டு பேர் கறுப்பு. நாலாவது ஆள் மஞ்சள் சைக்கிள் ஜேர்சி. நிருசன் அண்ணா.

அந்த நேரம் நிருசன் அண்ணா ரெண்டு மலை தாண்டி, அபிசன் அண்ணாவுக்குப் பக்கத்தில சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தவர்.

"பிறகு எங்க போனவர்?" எண்டு அன்ரி கேட்டா.

"திரும்பி வந்து அதே கதிரையில இருந்தவர். கன நாள் இருந்தவர், நாங்கள் எழுப்பேல்லை. பிறகு ஒரு நாள் தானா எழும்பி, கையைத் தூக்கி, உங்கட பாசையில ஏதோ சொல்லிப்போட்டு... சைக்கிளில மலையால இறங்கிப் போனவர்."

இதெல்லாம் அபிசன் அண்ணா வந்து லக்சாயினிட்டச் சொன்னது. அன்ரி ஒண்டு மட்டும் செய்தா. அண்டையில இருந்து இரவில வீட்டுக் கதவு பூட்டுறதை விட்டிட்டா.

இவ்வளவும் லக்சாயினி சொன்னது.

இண்டைக்கு அம்மாவும் அப்பாவும் பின்னேர வேலை. நீங்கள் இன்னும் வரேல்லை. லக்சாயினி அப்பதான் ரெயின் ஏறீட்டன் எண்டு எழுதியிருந்தாள். மைமல் நேரம், இருட்டிக்கொண்டு வருது. படியில ஒரு சத்தம். டிக்... டிக்... டிக்... சைக்கிளை மிதிக்காமல் உருட்டேக்க பின் சில்லு போடுமே, அந்தச் சத்தம். மூண்டு மாடியும் ஏறி வந்து எங்கட கதவடியில நிண்டுது.

மணி அடிச்சுது. திறந்தன்.

நிருசன் அண்ணா. மஞ்சள் ஜேர்சி. வெளியில ரெண்டு பாகை, அவர் அரைக்கையோட. கண் இமையெல்லாம் வெள்ளைத் தூசி. "தண்ணி தாறியோ?" எண்டார். குடுத்தன். உள்ள வந்து, ஜெனனி, நீ இருக்கப் பாத்த அந்தக் கதிரையை இழுத்து...

இருந்தார்.

எனக்குச் சந்தோசமடி. சத்தியமா. அண்ணா இருக்கிறார், சுகம் வந்திட்டுது, அன்ரிக்குப் போன் எடுக்கோணும் எண்டுதான் முதல் யோசினை. மணம் பிறகுதான் வந்தது. மெழுகுதிரி... தோடம்பழத் தோல்.

குடிச்சு முடிச்சு கிளாஸை வைச்சார். "அம்மா கதவு பூட்டுறவாவோ?" எண்டு கேட்டார்.

"இல்லை அண்ணா. திறந்துதான் கிடக்கும்."

தலையாட்டினார். எழும்பினார். கையைத் தூக்கி, "சரி, போட்டு வாறன்."

டிக்... டிக்... டிக்... கீழ இறங்கிப் போயிட்டுது.

கொஞ்ச நேரத்தில லக்சாயினி வந்தாள். சப்பாத்துக் கழட்ட முதலே கேட்டன், கொண்ணா எங்கையடி எண்டு. "வீட்டில. பல்கனியில நிக்கிறார். நிக்கிறதைத் தவிர வேற என்ன" எண்டாள்.

பேர்ண் பக்கத்தால வந்து ஷ்லீரனுக்குப் போறதெண்டா எங்கட லாங்கன்தால் வழியிலதானே? சைக்கிளில இஞ்சயிருந்து எவ்வளவு நேரம் வரும்... நாலு மணித்தியாலம்? அஞ்சு? இப்ப எத்தினை மணி?

பொறுங்கோ.

லக்சாயினிட போன் வெளிச்சம். இல்லை, அவளை எழுப்பாதேங்கோ. இஞ்ச தா.

அன்ரி எழுதியிருக்கிறா. 'பிள்ளை வந்திட்டான். இருந்து சாப்பிடுறான்.'

படமும் போட்டிருக்கிறா. சாப்பாட்டு மேசை... சோறு... நிருசன் அண்ணா கதிரையில இருக்கிறார். மஞ்சள் ஜேர்சி. சிரிக்கிறார்.

இன்னொண்டும் வருது. 'பல்கனிக் கதவைப் பூட்டீட்டன்.'

படத்தைப் பெருப்பிச்சுப் பாருங்கோ. பின்னால, கண்ணாடிக்கு வெளியில... ஒராள் நிக்கிறார். குளிருக்க. முகம் தெரியுதெல்லோ, அதே முகம்.

கையைத் தூக்கியிருக்கிறார். கதவைத் தட்டுறாரோ... போட்டு வாறன் எண்டு சொல்லுறாரோ... விளங்கேல்லை.