அடுப்புக்கிட்ட மட்டும் எடுக்குது

...குனிஞ்சு நடக்கணுமாம் தம்பி, குனிஞ்சு! யாரு? நான்தான். என் சமையக்கட்டுல! எங்க வீட்டுக்காரரு ஆபீஸ் மீட்டிங்ல இருக்கறப்ப, பின்னால நான் போனா லேப்டாப்ல தெரியுதாம். கீழ போ, கீழ போன்னு கையாலயே ஜாடை காட்டுவாரு. நானும் கரண்டியும் கையுமா தவழ்ந்து போறேன். இந்த வயசுல எனக்கு இதெல்லாம் தேவையா, நீங்களே சொல்லுங்க.

உள்ள வாங்க... பாத்து, ஒயரு காலத் தட்டும். அது பொண்ணோட சார்ஜரு. கடைசி வருஷம் படிக்கிறா, வீட்டுலருந்தேதான் கிளாஸு. ஒக்கார்றது அந்த மாவு டின்னு மேல. எனக்கு ஒரு பிடி மாவு வேணும்னா அவ கிளாஸ் முடியணும். இவரு அடுப்பு மேடையைப் பிடிச்சுக்கிட்டாரு. நான் காய் நறுக்குறது எங்கன்னு கேளுங்க. மடியில! மடியில வச்சு நறுக்குறேன்.

மிக்ஸி போடக்கூடாது. பாத்திரம் உருட்டக்கூடாது. அன்னைக்கு குக்கர் விசிலடிச்சுருச்சு. ரயில்வே ஸ்டேஷன்லயா இருக்கீங்கன்னு அவரு மேனேஜரு கேட்டாராம். இந்த மனுஷன் கொஞ்சங்கூட கூசாம, ஆமா சார்னுட்டாரு.

ஹால்லயா? ஹால்ல எங்க எடுக்குது? லேப்டாப்பைத் தெறந்தா ஒரு வட்டம் சுத்தும் பாருங்க, அது பாட்டுக்கு சுத்திக்கிட்டே கெடக்கும். ரூமுக்குள்ள போனா வைஃபை பேரே காட்டாது. அடுப்புக்கிட்ட வந்தா மட்டும் ஜம்முனு எல்லாக் கோடும் வந்துரும். அதான் உங்களுக்கு போன் போட்டுட்டாரு. சுவத்துல ஏதாவது மாட்டச் சொல்வீங்கன்னு ஏணி கேக்க மாடி வீட்டுக்குப் போயிருக்காரு. பொண்ணு கடைக்குப் போயிருக்கா.

வைஃபை டப்பாவா? அதோ, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால. எக்கிப் பாருங்க, தெரியும். முன்னாடி ஹால்லதான் இருந்துச்சு. அங்க பிளக்குல பொறி பறந்துச்சுன்னு... அட, அதை எதுக்கு இப்ப டெஸ்ட் பண்றீங்க? விடுங்க தம்பி... டெஸ்டர்ல லைட்டு எரியுதா? நல்லாத்தான் எரியுதா. ம்ம்.

டப்பாவை ஹாலுக்கு மாத்துனா வீடு பூரா எடுக்குமா? அஞ்சு நிமிஷ வேலைதானா?

கொஞ்சம் கிட்ட வாங்க. மெதுவாப் பேசுங்க, மாடிப்படி பக்கத்துலதான். பொறியும் பறக்கல, ஒண்ணும் பறக்கல. நான்தான் கழட்டிக் கொண்டாந்து அங்க வச்சேன். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால வச்சா வெளிய எட்டாதுன்னு ஒவ்வொரு எடமா வச்சுப் பாத்துதான் வச்சேன்.

சிரிக்காதீங்க. இவருக்கு வீட்டுலருந்தே வேலைன்னு சொன்னப்ப எனக்கு எவ்ளோ சந்தோசம் தெரியுமா? பகல்ல பேச்சுத்தொணைக்கு ஆளு கெடைச்சுருச்சுன்னு நெனச்சேன். என்னாச்சு? இவரு ரூமுக்குள்ள, கதவைச் சாத்திக்கிட்டு. அவ ஹால்ல, காதுல மாட்டிக்கிட்டு. அடுத்த ரூம்லருந்து எனக்கு போன்ல மெசேஜ் வருது தம்பி, டீ வேணும்னு. வீட்டுல ரெண்டு பேரு இருக்கறப்பதான் நான் சுவத்தோட பேச ஆரம்பிச்சேன். ஒரு நாள் நின்னு அழுதேன். பாத்தா வெங்காயம்னு சொல்லியிருப்பேன். யாரு பாத்தா?

இப்ப பாருங்க. உப்பு எந்த டப்பான்னு தெரியாத மனுஷன், மீட்டிங்ல பேசிக்கிட்டே எட்டி பாலை அணைக்கிறாரு. பொண்ணு கூடப் படிக்கிற ஒரு பையனைப் பத்தி மெல்ல எங்கிட்ட சொல்லிட்டா, அவங்கப்பா பக்கத்துலயே காதுல மாட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கறப்ப! நேத்துகூட எடமே இல்லன்னு ரெண்டு பேரையும் பிடிபிடின்னு பிடிச்சேன். சண்டை போடவாவது ஆளு இருக்கு தம்பி. அந்த டப்பா ஹாலுக்குப் போச்சுன்னா இவங்களும் போயிருவாங்க.

அதனால... அந்த டெஸ்டரைப் பைக்குள்ள வைங்க. சுவரு கெட்டி, வேற எங்கயும் எடுக்காதுன்னு ஒரே ஒரு வார்த்தை. யோசிக்கிறீங்களே... உங்கம்மா பகல்ல வீட்டுல யாரோட பேசுறாங்க? சொல்லுங்க.

சரி, சரி, கண்ணைத் தொடைங்க. ஏணிச் சத்தம் கேக்குது.

ஏங்க! ஏணியைத் திருப்பிக் குடுத்துட்டு வாங்க. முடியாதாம்! அடுப்புக்கிட்ட மட்டும்தான் எடுக்குமாம், இந்தத் தம்பியே பாத்துட்டுச் சொல்லிட்டாரு. எல்லாம் என் தலையெழுத்து. இனி இதுக்கெல்லாம் ஆளைக் கூப்புடாதீங்க, பாவம், அந்தப் புள்ளைக்கு அவங்கம்மாவுக்கு போன் பண்ணணுமாம்.