கம்பெனியில் இருந்து வந்தபடி

வண்டிக்குப் பிக்கப் வேண்டும் என்று வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் என்ஜினில்தான் கைவைக்கச் சொல்வார்கள். அதெல்லாம் தேவையே இல்லை, ஐயா. செயின் ஓடுகிற பல்சக்கரங்கள் இரண்டையும் மாற்றினால் போதும். முன் பல்சக்கரத்தில் ஒரு பல் குறைத்து, பின் பல்சக்கரத்தில் நாலு பல் கூட்டினால் கடைசி வேகம் கொஞ்சம் அடிவாங்கும்; ஆனால் முறுக்கிய மாத்திரத்தில் வண்டி பாய்ந்துகொண்டு போகும். என் மாப்பிள்ளை வண்டிக்கு அதைத்தான் செய்து கொடுத்தேன்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மருந்துக் கம்பெனியில் விற்பனை வேலை. குடி இல்லை, கைநீட்டுகிற பழக்கம் இல்லை. தங்கை எதைச் சொன்னாலும் முதல்முறை கேட்பது போலக் கேட்பார். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அவளுக்குத் தலைபின்னிப் பள்ளிக்கு அனுப்பியவன் நான். எனக்கென்று கல்யாணம் காட்சி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. அவள் கல்யாணத்துக்குப் பிறகும் என் பட்டறை மாடியில்தான் குடியிருந்தார்கள். நான் கீழே வேலை செய்யும்போது மேலே அவள் நடமாடுவது கேட்கும். எனக்கு அது போதும்.

ஒரு நாள் மாப்பிள்ளை இறங்கி வந்தார்.

"மச்சான், எனக்கு மாற்றல் வந்திருக்கு. அங்கேயே வீடு பார்த்து அவளையும் கூட்டிட்டுப் போயிடலாம்னு இருக்கேன். லீவு விட்டா உங்ககிட்டதான் வந்து நிப்போம்."

"நல்ல விஷயம்தானே மாப்பிள்ளை" என்றேன். வீடு கிடைக்கும்வரை வண்டியிலேயே போய்வருவதாகச் சொன்னார். அவ்வளவு தூரத்துக்குப் பிக்கப் பத்தாது, நான் ஏற்றித் தருகிறேன் என்றேன்.

அவர் பயந்த சுபாவம். முன்னால் ஒரு லாரி போனால் அதன் புகையைக் குடித்துக்கொண்டே ஊர்போய்ச் சேருகிறவர். அதனால் சில நாள் பின்னால் உட்கார்ந்து நானே பழக்கினேன். "இப்ப எடுங்க மாப்பிள்ளை" என்பேன். எதிரே வருகிற வண்டி தீப்பெட்டி அளவு தெரியும்போது முந்தப் பழகினார். பிறகு அதன் கண்ணாடி தெரியும்போது. பிறகு ஓட்டுநரின் முகம் தெரியும்போது. ஒவ்வொரு முறையும் வண்டி அவரைக் காப்பாற்றியது. "மச்சான், எனக்கு இப்படியெல்லாம் ஓட்ட வரும்னு எனக்கே தெரியாது" என்று சிரித்தார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. நல்ல மாணவர்.

யோசிக்காமலே கை முறுக்குகிற நிலைக்கு வந்துவிட்டார் என்று தெரிந்ததும், சர்வீஸ் செய்வதாக வண்டியை வாங்கி, பழைய பல்சக்கரங்களையே திரும்ப மாட்டினேன். செயின் மட்டும் புதிது.

அன்று, பார்த்துவைத்த வீட்டைத் தங்கைக்குக் காட்ட இருவரும் கிளம்பினார்கள். தெருவில் ஒரு சுற்றுப் போய்வந்து, "கொஞ்சம் மந்தமா இருக்கே மச்சான்" என்றார்.

"செயின் புதுசு. கொஞ்ச தூரம் ஓடினா சரியாயிடும்."

தலையாட்டினார். நான் சொன்னதை அவர் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. புதுப் புடவையில் நின்ற தங்கையிடம், "இந்த வெயில்ல நீ எதுக்கு? அடுத்த வாரம் நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், ஆனாலும் நின்றுவிட்டாள்.

மாப்பிள்ளை முந்தப் போன பேருந்தின் ஓட்டுநர் சொன்னதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பேருந்துக்குப் பக்கத்தில் ஏறி வந்தவர், மேலே போக முடியாமல் கட்டிப்போட்டது போல அங்கேயே நின்றுவிட்டாராம். எதிரே லாரி. மாப்பிள்ளை குனிந்து வண்டியைத்தான் பார்த்தாராம். உங்கள் ஆட்கள் சோதித்தார்கள். எல்லாம் கம்பெனியில் இருந்து வந்தபடியே இருக்கிறது, ஓட்டியவர் அவசரப்பட்டுவிட்டார் என்று எழுதினார்கள். தப்பில்லை, அப்படித்தான் இருந்தது.

நொறுங்கிய வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து போட்டார்கள். தங்கை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பட்டறையில் வளர்ந்தவள் அல்லவா, பின் பல்சக்கரத்தின் பற்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள்.

"இதை எப்பண்ணா திரும்ப மாத்தினே?"

சர்வீஸில் மாற்றினேன் என்றேன்.

"அவர்கிட்ட சொன்னியா?"

நான் கையிலிருந்த கிரீஸைத் துடைத்தேன்.

"அன்னைக்கு மட்டும் ஏன் என்னைப் போகவிடல?"

அவள் அழவில்லை, ஐயா. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்துவிட்டாள். எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. துக்கத்தில் இருக்கிறாள், நாலு நாள் போனால் தெளிந்துவிடுவாள். மாப்பிள்ளையைக் கொன்றது நான்தான். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். தண்டனையை மட்டும் கொஞ்சம் பார்த்துப் போடச் சொல்லுங்கள். மாடியில் உள்பக்கம் தாழிட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிடக்கிறாளாம். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?