சாட்சிக் கையெழுத்து

மோர் புளிக்கவில்லையே, அம்மா? கரையான்சாவடியிலிருந்து இந்த வெயிலில் பருத்திப்பட்டு வரைக்கும் என்னைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். முதலில் குடியுங்கள். பேபி எப்படிச் செத்தாள் என்று விசாரிக்கத்தானே உங்கள் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து அனுப்பியிருக்கிறார்கள்? சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் வைத்திருப்பதுதான் இப்போது கஷ்டமாக இருக்கிறது.

கடைக்கு வராத மாத்திரையை நல்ல உடம்புக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்ப்பது உங்கள் வேலை. அதற்கு முன்னால் ஒரு தாளை வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்குவீர்கள். வந்தவளுக்குப் படிக்கத் தெரியாவிட்டால், எல்லாம் வாசித்துத்தான் காட்டினார்கள் என்று சம்பந்தமில்லாத வெளியாள் ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ஞானம்மாள் என்று போட்டிருக்குமே, அது நான்தான். ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறவளும் நான்தான். அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கெட்ட வேலை என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கழனியெல்லாம் ஃபிளாட்டான பிறகு எங்கள் தெருப் பெண்களுக்குக் கம்பெனியில் பெருக்குகிற வேலை, இல்லையென்றால் அதே ஃபிளாட்டில் பாத்திரம் தேய்க்கிற வேலை. உங்கள் வார்டில் கட்டில், ஃபேன், வேளைக்குச் சாப்பாடு, வரும்போது கையில் காசு. பக்கத்து வீட்டுப் பேபி முதல் தடவை போய்விட்டு வந்து சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

"யக்கா, ராணி மாறி படுத்துகினு இருந்தேன். தட்டு கழுவக்கூட ஆளு கீது."

"அடுத்த தபா உன் ஊட்டுக்காரனையும் இட்டுகினு வாடி."

"வேம்புலியா? அந்தாளு ஊசியப் பாத்தாலே மயங்கி உழுந்துடும்."

கடைசியாகப் போனபோது மாத்திரை கொடுத்து அனுப்பி, மறுபடி ரத்தம் கொடுக்க வரச் சொன்னீர்கள். அதற்குள் அவளுக்குக் கண் மஞ்சளித்துவிட்டது. குழம்பு வாசனை வந்தாலே குமட்டினாள்.

"டாக்டரம்மாகிட்ட சொல்லட்டா யக்கா? அந்தத் தாள்ல இன்னாவோ படிச்சாங்களே."

என்ன படித்தார்கள் என்று எனக்கு மனப்பாடம். மாத்திரையால் உடம்புக்கு வந்தால் வைத்தியம் முழுக்க நிலையத்தின் செலவு. உயிர் போனால் குடும்பத்துக்கு நஷ்டஈடு. எத்தனை பேருக்காக உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

"அதெல்லாம் பேச்சுக்குப் படிக்கிறதுடி," என்றேன். "நீ போயி சொன்னா நம்ப தெருவயே கூப்ட மாட்டாங்க. காமாலைக்குப் போயி யாராவது ஆஸ்பத்திரிக்கு ஓடுவாங்களா?"

"நீதானே யக்கா சாட்சி. உனுக்குத் தெரியாததா," என்றாள்.

ஏரிக்கரையில் கீழாநெல்லி பறித்து, வேரோடு அரைத்து, வெறும் வயிற்றில் மோரில் கலக்கி நானே புகட்டினேன். எங்கள் பக்கம் காமாலைக்கு அதுதான். பேபி அரக்கோணத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று உங்கள் ஆட்களுக்குப் போன் போட்டுச் சொன்னேன். பேபிக்குத் தங்கச்சியே கிடையாது. வயிறு உப்பியபோது வேம்புலி ஆட்டோ கூப்பிடப் போனான். உப்பில்லாமல் சாப்பிட்டால் வடிந்துவிடும் என்று நான்தான் தடுத்தேன். பிறகு அவன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது அவளுக்குப் பெற்ற மகளையே அடையாளம் தெரியவில்லை.

காரியம் முடிந்து வேம்புலி வாசலில் வந்து நின்றான். "அந்த மாத்திரையாலதானா யக்கா?" என்று கேட்டான்.

"தண்ணி சரியில்ல நைனா," என்றேன்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வீட்டுக்கு நஷ்டஈடு வந்திருக்கும். அதோடு சாட்சி யார் என்ற கேள்வியும் வந்திருக்கும். அழைத்து வரும் ஆளுக்கு இவ்வளவு என்று எனக்குக் கிடைப்பது பெரிசில்லை அம்மா. அதற்காக என்று நினைத்துவிடாதீர்கள். தெருவுக்காகத்தான் செய்தேன்.

ஆனாலும் அன்றிலிருந்து ஏதாவது செய்து ஈடுகட்டாமல் இருக்க முடியவில்லை. அதனால்தான் அவள் மகள் பானுப்பிரியாவை உங்களிடம் கொண்டுவந்து சேர்த்தேன். அம்மா இல்லாத பெண், கையில் நாலு காசு இருக்கட்டுமே. படித்தவள் என்பதால் சாட்சி தேவைப்படவில்லை. நஷ்டஈடு பற்றிய பத்தி வந்ததும் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். கையெழுத்துப் போடு என்று தலையசைத்தேன்.

அவள் இன்றைக்கு ரத்தம் கொடுக்க வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். கண் லேசாக மஞ்சளித்திருக்கிறது, அவ்வளவுதான். இந்தத் தடவை நான் கவனமாகப் பார்த்துக்கொள்கிறேன். காலையில் அவளுக்குக் கீழாநெல்லி கலக்கிக் கொடுத்தது போக மிச்சம்தான் அம்மா, நீங்கள் குடித்த மோர்.