பிலோமினாவின் மீசை

உலகச் சண்டை முடிந்தும் தூத்துக்குடியில் மண்ணெண்ணெய்க்கு வரிசை முடியவில்லை. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் டின்னோடு நின்றார்கள். இளையவள் திடீரென்று, "மதினி, எங்க பக்கத்து வீட்டு பிலோமினாவுக்கு மீசை நல்லாத்தான் இருக்கு" என்றாள். கடை இன்னும் திறக்கவில்லை, ஆனாலும் எனக்குப் பின்னால் வரிசை ஓரடி முன்னால் நகர்ந்தது.

"மீசையா? என்னளா சொல்லுத?"

"கரியால வரைஞ்ச மீசை. புருசன் கோட்டையும் தொப்பியையும் மாட்டிக்கிட்டு, அவரு கொழும்புலருந்து கொண்டாந்த கேமராவுல படம் பிடிச்சிருக்கா."

"பிடிச்சது யாரு?"

"அவளேதான். கேமரா விசையில நூலைக் கட்டி, கால் விரலால இழுத்தாளாம்."

"முத்துக் குளிக்கவன்கூட, கயிறு பிடிக்க மச்சான் இருந்தாத்தான் கடல்ல முங்குவான். இவ தானே முங்கி, தானே கயிறும் பிடிச்சிருக்கா. மகராசி!"

"ஸ்டுடியோக்காரரு கழுவின படத்தைப் புருசன் கையில குடுத்துட்டாரு மதினி. வீட்டுக்கு வந்து ஒரே குதி. 'எவன் இவன்? என் கோட்டைப் போட்டுக்கிட்டு என் நாற்காலியில உக்காந்திருக்கான்'னு."

"பரவால்லையே, கோட்டையும் நாற்காலியையும் அடையாளம் தெரிஞ்சிருக்கே."

"'நான்தான்'னு சொல்லியிருக்கா. அவரு நம்பலை. கூடவே இன்னொரு படம் இருந்துச்சு. அதுல மீசையுமில்ல, கோட்டுமில்ல. தினமும் உடுத்துத சேலையில அடுப்படியில உக்காந்து மீன் அரியுதா. அதை எடுத்து நீட்டியிருக்கா."

"அதைப் பாத்தாவது நம்பினாரா?"

"நல்லா உத்துப் பாத்தாராம். பாத்துட்டு, 'என்னையக் கேக்காம எப்ப வேலைக்காரி வச்ச?'ன்னாராம்."