தலைமாட்டுப் படல்

இல்ல சார், டீ அப்பறம். மொதல்ல நீங்க அந்தக் கட்டில்ல படுங்க.

ஆமா, நீங்கதான். ஏன், விசாரணைக்கு வந்தவங்க படுக்கக் கூடாதுன்னு எதனா ரூல் இருக்குதா? நாக்காலில உக்காந்துக்கினு கட்டில விசாரிக்கறது, கரையில நின்னுக்கினு கெணத்து ஆழம் சொல்ற மாதிரி. பூட்ஸக் கழட்டிட்டு ஏறுங்க. போர்வ காலையிலதான் வெந்நீர்ல அலசினது. மூட்டப்பூச்சி கெடயாது. இருந்தாலும் இந்த மலைக் குளுருல அது கடிக்காது, அதுவும் போத்திக்கினு தூங்கும்.

சடையண்ணே, பக்கத்துக் கட்டில்லேருந்து இப்பிடிப் பாக்காம கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க. சார் வெக்கப்படறாரு.

நான் யாரா? ஜீப்ப உட்டு எறங்கினதுலேருந்து நான்தான் பேசிக்கினு இருக்கேன், இப்பதான் கேக்கணும்னு தோணுச்சா? பேரு சின்னக்குழந்தை. சிரிச்சிக்கோங்க, பரவால்ல, ஹாஸ்டல்ல பேரு கூப்புடறப்ப தெனமும் கேட்ட சிரிப்புதான். வூரு சந்தவாசல். மெட்ராஸ்ல எம்.ஏ. சமூக சேவை, ரெண்டாம் வருஷம். மூணு மாசம் பயிற்சிக்கு இந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச்சாங்க. இங்க வார்டுல வேல செய்யற ஆயாங்களுக்குக் கட்டில் தடுப்பு மாட்டறதுக்கும், மாட்டினது சரியா இருக்குதான்னு பாக்கறதுக்கும் கத்துக்குடுத்தது நான்தான்.

அதான் சொல்றேன் இல்ல, ஏறுங்க.

தலகாணிய எங்க எடுத்துக்கினு போறீங்க? ஓ... சரி சரி, உங்க இஷ்டம். நான் ஒண்ணும் சொல்லல. எந்தப் பக்கம் வசதியோ அந்தப் பக்கம் வெச்சிக்கோங்க. நல்லா கால நீட்டுங்க. ஆங், அவ்ளோதான். எப்பிடி இருக்குது? ஜீப்புல இடுப்பு ஒடிஞ்சி வந்தவருக்கு இது சொர்க்கமா இல்லியா?

இப்ப கேளுங்க. நீங்க கையில வெச்சிக்கினு இருக்கீங்களே அந்தக் காயிதம், அதுல இன்னா எழுதியிருக்குது? பயிற்சி குடுத்தும் ஆயா பாஞ்சாலை, நோயாளியின் கால் பக்கம் தடுப்பை மாட்டியதால் நோயாளி சடையன் தலைகுப்புற விழுந்தார். கவனக்குறைவு. வேலையை விட்டு நீக்கலாம். இதானே? கண்ணு நல்லா தெரியும் சார் எனக்கு, தலகீழா இருந்தாலும் படிப்பேன். சடையண்ணனையே பாக்கறதுக்கு முன்னாடி அந்தத் தீர்ப்ப எங்க எழுதினீங்க, மலையடிவாரத்துல அமிர்தியாண்டயா, இன்னும் கீழயா? கையெழுத்து குலுங்கறதப் பாத்தா கொண்ட ஊசி வளைவுல எழுதின மாதிரி இருக்குது.

கோவப்படாதீங்க. படுத்துக்கினு கோவப்பட்டா ரத்தக் கொதிப்பு வரும்.

மலையாளுங்களுக்குக் கட்டில் பழக்கம் இல்லன்னு வந்ததும் சொன்னீங்க பாருங்க, அதுல பாதி நெசம். கட்டில் வந்த புதுசுல வாரத்துக்கு ஒருத்தர் கீழ உழுந்தாங்க. தரையில பாய் போட்டுப் பொரண்டு பழகின ஒடம்பு, ரெண்டடி ஒயரத்துல வெச்சா அதுக்கு எப்பிடித் தெரியும், எல்லை எங்கன்னு? அதனாலதான் போளூர் பட்டறையில சொல்லி இந்தக் கம்பித் தடுப்பு செஞ்சி வந்துச்சி. பாதிக் கட்டிலுக்குத்தான் வரும், பாருங்க. தலையிலேருந்து இடுப்பு வரைக்கும். கால் பக்கம் தெறந்திருக்கும், தெளிவா இருக்கறவங்க எறங்கிப் போவணும் இல்ல? நாலு பக்கமும் அடைச்சா அது கட்டில் இல்ல, கூண்டு.

ஆயாங்க இன்னா பேரு வெச்சாங்க தெரியுமா இதுக்கு? படல். ஆட்டுப் பட்டிக்கு வாசல்ல சாத்துவாங்களே, அந்தப் படல். நான் சைடு ரெயில், சைடு ரெயில்னு தொண்ட கிழிய கத்தினேன். மாதம்மாள்னு ஒரு ஆயா, அவங்க கேட்டாங்க, ஏம்மா, ரெயிலு போளூர்ல தான நிக்கும், இங்க எங்க வந்துச்சின்னு. அதோட நானும் படலுக்கு எறங்கிட்டேன்.

கத்துக்குடுத்தது இன்னான்னா, ரெண்டு கொக்கியும் ஓட்டையில உக்காரணும். கொக்கி கழலாம இருக்க இந்த இரும்பு ஊசிய மாட்டணும். ரெண்டு கையாலயும் புடிச்சி ஆட்டணும், நம்ம மேல கோவம் இருக்கற மாதிரி ஆட்டணும். அப்பறம் சந்து. கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவுல, கம்பிக்கும் தலமாட்டுப் பலகைக்கும் நடுவுல தலை நுழையற சந்து இருக்கக் கூடாது. தலை உள்ள போய்த் தோள் போவாம மாட்டிக்கினா மூச்சு நின்னுடும். நாலு அங்குலம், நாலற அங்குலம்னு நான் படம் போட்டுச் சொன்னேன். எல்லாரும் சினிமா பாக்கற மாதிரி பாத்தாங்க. பாஞ்சாலக்கா எழுந்து போயி தண்ணி குடிக்கற சொம்ப எடுத்தாந்தாங்க. ஒவ்வொரு சந்துலயும் உட்டுப் பாத்தாங்க. இது நுழைஞ்சா தலையும் நுழையும், அப்ப படலு தப்பு, நுழையலன்னா தேவலாம், அவ்ளோ தானம்மான்னு கேட்டாங்க. நான் மூணு நாள் படிச்சிட்டு வந்து சொன்னத ஒரு சொம்புல முடிச்சிட்டாங்க சார்! அன்னிலேருந்து இந்த வார்டுல அந்தச் சொம்புல யாரும் தண்ணி குடிக்கறதில்ல. தோ, அந்த ஆணில தொங்குது பாருங்க.

அந்தப் பாஞ்சாலை தான் உங்க கணக்குல கவனக்குறைவு.

வர்றேன் வர்றேன், சடையண்ணன் விஷயத்துக்குத்தான் வர்றேன். புளி உலுக்கறப்ப மரத்துலேருந்து உழுந்து தோள்பட்ட எலும்பு ஒடிஞ்சி வந்தாரு. மாவுக்கட்டு போட்டு, வலிக்கு ஊசி போட்டு, மத்தியானம் கட்டில்ல படுக்க வெச்சாங்க. கட்டில்லாம் அப்பத்தான் தெக்குச் செவுத்துலேருந்து வடக்குச் செவுத்துக்கு மாத்திப் போட்டு நாலு நாளு ஆயிருந்துச்சி. தடுப்பு மாட்டியாச்சி, கொக்கிக்கு ஊசி மாட்டியாச்சி, சொம்பும் உட்டுப் பாத்தாச்சி. எல்லாம் தலமாட்டுப் பலகைய ஒட்டி, சட்டப்படி. சாமை சோறு சாப்ட்டுட்டுப் படுத்தாரு. கொஞ்ச நேரத்துல தொம்முனு சத்தம். ஓடிப் போய்ப் பாத்தா ஒரு காலு கம்பில மாட்டிக்கினு, தலை தரையில, மனுஷன் வவ்வாலு மாதிரி தொங்கறாரு. அந்த நெலமையிலயும் மொத வார்த்த இன்னா சொன்னாரு தெரியுமா? நாப்பது வருசமா புளியமரம் ஏறுனவன் ரெண்டடி கட்டில்லேருந்து உழுந்தான்னு வூர்ல யாருக்கும் சொல்லிடாதீங்கன்னாரு.

அண்ணே, சிரிக்காதீங்க, கட்டு வலிக்கும்.

இப்ப சிரிக்கறாரு. அன்னிக்கு யாரும் சிரிக்கல சார். நெத்தி எலந்தப்பழம் மாதிரி செவந்து, அப்பறம் எலுமிச்சங்கா அளவுக்கு வீங்கிச்சி. சாயங்காலம் ரெண்டு வாட்டி வாந்தி எடுத்தாரு. தலைக்குள்ள எதனா ஆயிருந்தா திருப்பத்தூர் கொண்டு போறதுக்குள்ள... டாக்டர் ரெண்டு நாளு அவருகிட்ட பேரு இன்னா, வூரு இன்னான்னு கேட்டுக்கினே இருந்தாரு. மூணாம் நாளு, நீ இன்னாய்யா, பொண்ணு பாக்க வந்த மாதிரி கேட்டதையே கேக்கறன்னு இவரு திட்டினப்பறம் தான் எல்லாருக்கும் உசுரு வந்துச்சி.

சரி. இப்ப உங்களுக்கு இந்தத் தடுப்ப மாட்டறேன். எங்க மாட்டணும்? தலமாட்டுப் பலகைய ஒட்டி. சட்டப்படி. கொக்கி ஒண்ணு, ரெண்டு. ஊசி. ஆட்டிப் பாத்தாச்சி. சொம்பு நுழையல. எல்லாம் சரியா? எந்தத் தப்பும் இல்லியே? நல்லது. இப்ப அப்பிடியே எடது பக்கம் பொரளுங்க.

அய்யோ! புடிச்சிட்டேன், புடிச்சிட்டேன். பயப்படாதீங்க.

உழ இருந்தீங்க இல்ல? உங்க காலுக்கு எவ்ளோ பந்தோபஸ்து பாருங்க. கால ஒருத்தனும் திருடிக்கினு போவ முடியாது. தலைதான் அந்தரத்துல நிக்குது. ஏன் சார்? பலக வடக்குல இருக்குது. தலகாணி வடக்குல இருந்துச்சி. நீங்க ஏன் அத எடுத்துக்கினு தெக்கால போனீங்க?

சொல்லுங்க. வடக்க தலை வெக்கக் கூடாது. யாரு சொன்னா? உங்கம்மா சொன்னாங்க. நீங்க பி.ஏ. படிச்சவரு, ஆபீசரு, மலையாளு இல்ல, கட்டில்லயே பொறந்து வளந்தவரு. உங்க கையி உங்களக் கேக்காமயே தலகாணியத் திருப்பிடுச்சி. சடையண்ணன் கையும் அதத்தான் செஞ்சிது. தடுப்பு அவரு கால் பக்கம் போவல. அவரு தலை தடுப்ப உட்டுப் போச்சி. இதுல பாஞ்சாலக்கா தப்பு எங்க இருக்குதுன்னு காட்டுங்க, பாக்கலாம்.

திரும்பிப் படுத்தத ஆயா கவனிச்சிருக்கணுமா? நல்ல கேள்வி. இதக் கேப்பீங்கன்னு தான் காத்துக்கினு இருந்தேன். எந்திரிக்காதீங்க, இன்னும் முடியல.

கவனிச்சாங்க சார். அவரு திரும்பறதுக்கு முன்னாடியே கவனிச்சிட்டாங்க. கட்டில மாத்திப் போட்டாச்சின்னு சொன்னேனே, யாரு மாத்தினாங்கன்னு நீங்க கேக்கவேயில்ல. அன்னிக்கே பாஞ்சாலக்கா சொன்னாங்க, அம்மா, வடக்கால தலை வெச்சா இங்க ஒருத்தரும் படுக்க மாட்டாங்க, திரும்பிப் படுத்துடுவாங்கன்னு. அதுக்கு அர மணி நேரம் பிரசங்கம் கெடச்சிது அவங்களுக்கு. மூடநம்பிக்க, விஞ்ஞானம், பெண் விடுதல, எல்லாம். நடுவுல காந்தமும் வந்துச்சின்னு நெனைக்கறேன். அவங்க சரிங்கன்னுட்டு, சடையண்ணன் வந்த அன்னிக்கு இன்னா பண்ணாங்க தெரியுமா? தடுப்பக் கொண்டு போயி தெக்குப் பக்கம், கால்மாட்டுல மாட்டினாங்க. ஊசி மாட்டி, ஆட்டிப் பாத்து, சொம்பு உட்டுப் பாத்து, சுத்தமா மாட்டினாங்க. பட்டிக்குப் படலு வெக்கறவன் ஆடு எந்தப் பக்கம் தலைய நீட்டும்னு பாத்து தாம்மா வெப்பான், பலக எந்தப் பக்கம்னு பாத்தா வெப்பான்னு கேட்டாங்க.

கேட்ட ஆளுக்கு மூக்கு மேல கோவம். இவ்ளோ சொல்லிக் குடுத்தும் பழைய பல்லவியான்னு, அந்தத் தடுப்ப அங்கேருந்து புடுங்கி, சட்டப்படி வடக்குல மாட்டிட்டு, சரி பாத்தாச்சின்னு அட்டையில கையெழுத்தும் போட்டுட்டுப் போய்ச் சாப்ட உக்காந்துச்சி. சாமை சோறு, மொச்சக் கொழம்பு. நல்லா இருந்துச்சி. ரெண்டாவது வாட்டி போட்டுக்கினு இருக்கறப்ப தான் தொம்முனு கேட்டுச்சி.

அந்த அட்ட உங்க காயிதக் கட்டுல இருக்காது. தேடாதீங்க. என் பையில இருக்குது. தோ. சரி பார்த்தவர், த. சின்னக்குழந்தை. த-ன்னா தசரதன், எங்கப்பா. கட்டில மாத்திப் போட வெச்சதும், பிரசங்கம் பண்ணதும் நான்தான்.

அப்ப பாஞ்சாலக்கா ஏன் தான்தான் மாட்டினேன்னு வாக்குமூலத்துல கைநாட்டு வெச்சாங்கன்னு கேக்கறீங்களா? நானும் கேட்டேன். நான் தப்பு பண்ணா வேல போவும், பட்டிக்குப் போய் ஆடு மேய்ப்பேன், நீ தப்பு பண்ணா படிப்பு போவும், இவ்ளோ வாய வெச்சிக்கினு வேற இன்னா பண்ணுவன்னாங்க. பத்து நாளா தூக்கம் இல்ல சார். நின்னுக்கினு உங்க எதுர்ல இதச் சொல்ல தைரியம் வரல. ஒரு வாட்டி நீங்களும் தலகாணியத் திருப்பிட்டீங்கன்னா, அப்பறம் எப்பிடியாவது சொல்லிடலாம்னு நெனச்சேன்.

காலேஜுக்கு எழுதணும்னா எழுதுங்க. அது உங்க பாடு. இந்தக் காயிதத்துல அவங்க பேர அடிச்சிட்டு என் பேரப் போடுங்க. படுத்தபடியே எழுத வருமா? பேனா இருக்குது என்கிட்ட.

இருங்க, அப்பிடியே எறங்காதீங்க, உழுந்துடுவீங்க. அக்கா! பாஞ்சாலக்கா! டீய அங்க வெச்சிட்டு வாங்க. சாருக்குப் படல மாத்திப் போடணும்.

இல்ல, நான் மாட்ட மாட்டேன். நீங்களே வாங்க.