தலையணை உறையில் பார்லி

வெள்ளிக்கிழமை காலை, ஷார்ஜா ரோலாவிலிருந்து துபாய் போகும் பஸ். எனக்கு முன்சீட்டில் ஒரே லேபர் கேம்ப், ஒரே ரூம்காரர்கள் இருவர்.

“ஏண்டா தம்பி, என் தலையணை உறை ஏன் கஞ்சி வாடை அடிக்குது?” என்றார் மூத்தவர்.

“பார்லியை அதுலதாண்ணே கட்டி, சுடுதண்ணில ஊற வச்சுப் பிழிஞ்சேன். ஈஸ்ட் போட்டு ரெண்டு வாரம் மூடி வச்சா பீரு.”

“சொட்டு சரக்குகூட கூடாதுங்கிற ஷார்ஜாலயா? அடப்பாவி! கட்டிலுக்கடியில இருந்த வாளியா? கிட்னிக் கல்லுக்கு நல்லதுன்னு நான்ல குடிச்சேன்!”

“தெரியும்ணே. மூணு தடவை காய்ச்சி ஆற வச்சேன். ஈஸ்ட் போடுறதுக்குள்ள மூணு தடவையும் காலி.”

“கல்லு விழுந்துருச்சேடா, அதோட நான் குடிக்கிறதை விட்டுட்டேன்! நம்ம கேம்ப்பையே மேய்க்கிற கேம்ப் பாஸுக்கும் கல்லுதானாம். பாவம்னு நேத்து வாளியிலேருந்து ஒரு பாட்டில் மோந்து குடுத்தேன்.”

இளையவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“நேத்தா? அண்ணே, இந்தத் தடவை உங்களுக்குத் தெரியாம ஈஸ்ட் போட்டுட்டேன். நேத்தோட ரெண்டு வாரம்.”

மூத்தவர் அவர் பக்கம் திரும்பினார்.

“அதான் பாஸ் காலையில பாடிக்கிட்டே வந்தாரா? ‘சாயங்காலம் உங்க ரூம் செக்கிங். நான் மட்டும்தான் வருவேன், அந்த வாளியை எடுத்து வை’ன்னாரு.”