மண்டபம் கேட்ட டிரைவர்

தையல்காரர்: ஆடாதேடா! கழுத்துல குழாய் இருக்கு.

டிரைவர்: எங்கடா ஆடினேன்? ஜன்னல் பக்கம் என்ன இருக்குன்னு பாக்கலாம்னு...

தையல்காரர்: நீ படு, நான் சொல்றேன். ஜன்னலுக்குப் பச்சைத் திரை. நான் தைச்சது.

டிரைவர்: அப்ப கோணலாத்தான் இருக்கும்.

தையல்காரர்: உன் கல்யாணச் சட்டையே நான் தைச்சதுதான்!

டிரைவர்: அதான் போட்டோவுல ஒரு தோளைத் தூக்கிக்கிட்டு நிக்கிறேன்.

நர்ஸ்: ஐயா, சிரிக்காதீங்க, பிரஷர் பாக்கணும். முதல் ஆளே இப்படியா?

டிரைவர்: முதல் ஆளா... நானா?

நர்ஸ்: ஆமா. நேத்து திறப்பு விழா, இன்னைக்கு முதல் டயாலிசிஸ் உங்களுக்கு. உங்க சங்கம் வாங்கிக் கொடுத்த மெஷின், உங்க சங்கத்து ஆளுக்கே.

தையல்காரர்: ஒண்ணு இல்லம்மா, எட்டு! சகோதரர் சங்கம்னா சும்மாவா? கொத்தனார், எலக்ட்ரீஷியன், பேப்பர் போடுறவர்... எங்கள்ல ஒருத்தன் கையிலயும் நாலு காசு நிக்காது. ஞாயித்துக்கிழமை தவறாம பஸ் கழுவிச் சேத்தோம்.

நர்ஸ்: பெரிய டாக்டர் நம்பவே இல்ல. 'எட்டா, எட்டா'ன்னு ரெண்டு தடவை போன் போட்டுக் கேட்டாராம்.

தையல்காரர்: கேப்பார், கேப்பார்! ஆனா இந்தப் பெரிய மனுஷன் என்ன பண்ணினார் தெரியுமா? கூட்டத்துல எந்திரிச்சு...

டிரைவர்: டேய்...

தையல்காரர்: 'ஆஸ்பத்திரிக்கு எதுக்கு? நமக்கு ஒரு மண்டபம் கட்டுங்க'ன்னு மேசையைத் தட்டினார்!

நர்ஸ்: நீங்களா ஐயா?

டிரைவர்: ...நான்தான்.

நர்ஸ்: பரவாயில்ல, மெஷின் அதையெல்லாம் மனசுல வெச்சுக்காது. இதோ, ஓட ஆரம்பிச்சிடுச்சு. தலை சுத்தினா குரல் கொடுங்க, வெளியிலதான் இருக்கேன்.

டிரைவர்: ...போயிட்டாங்களா? அந்தப் பொண்ணு முன்னாடி மானத்தை வாங்கிட்டியேடா.

தையல்காரர்: இருந்தாத்தானே வாங்க!

டிரைவர்: சரி, வெளியில யார் யார் காத்திருக்காங்க?

தையல்காரர்: பெஞ்சு நிறைஞ்சிருக்கு. வெள்ளைத் தலையா ஒரு அம்மா, காலை இழுத்து இழுத்து...

டிரைவர்: அவங்களா! என் பஸ்ல முன் சீட்டு அவங்களுக்குத்தான். காலையில பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குப் போவாங்க, சாயங்காலம் பிழிஞ்ச துணி மாதிரி வருவாங்க. அவங்களுக்காகவே பள்ளம் மேடு பாத்து ஓட்டுவேன்.

தையல்காரர்: இனி நடந்தே வரலாம். அடுத்த தெருதானாம் வீடு.

டிரைவர்: ...நல்லதுடா. பெரிய காரியம் பண்ணிட்டீங்க.

தையல்காரர்: 'பண்ணிட்டோம்'னு சொல்லு. நீயும்தானே பஸ் கழுவினே? திட்டிக்கிட்டே கழுவினே. ஆமா... இவ்வளவு தெரிஞ்சவன் எதுக்குடா மண்டபம் கேட்டே?

டிரைவர்: போன மாசம் மயங்கி விழுந்தப்பதான் நோயே தெரியும்னு சொன்னேன்ல... அது பொய்டா. கூட்டத்துக்கு முன்னாடியே டாக்டர் சொல்லிட்டார், கிட்னி ரெண்டும் தாங்காதுன்னு.

தையல்காரர்: ம்...

டிரைவர்: அதுக்கப்புறம் நான் எப்படிடா சரின்னு கை தூக்குறது? தன் உடம்புக்காகச் சங்கத்தை வளைச்சிட்டான்னு ஆயிடாது? ஓசி டீ கூடக் குடிக்காதவன்டா நான்!

தையல்காரர்: தெரியும்.

டிரைவர்: எது... டீயா?

தையல்காரர்: எல்லாம்தான். டாக்டர் சொன்ன அன்னைக்கே உன் பொண்டாட்டி என் வீட்டுல வந்து அழுதுட்டா. மறுநாள் சங்கம் முழுக்கத் தெரியும்.

டிரைவர்: அப்போ... நீங்க எல்லாரும் கை தூக்கினது...

தையல்காரர்: உனக்குன்னு கொடுத்தா நீ வாங்க மாட்டேடா. அதான், ஊருக்கே வாங்கினோம்.